கொடியில் முடிச்சு இருக்கிறது, சோயாவில் ஏன் இல்லை?

உர விலை ஏறிய நாளிலிருந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பயிருக்கு நைட்ரஜன் பிடித்துத் தரும் பாக்டீரியாவை விதையோடு கலக்கும் உயிர் உரம் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. செம்பனை மறுநடவு செய்த சிறுதோட்டக்காரர்கள் இளங்கன்றுகளின் வரிசைகளுக்கு இடையே சோயா போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் காதில் விழும் பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. தோட்டத்துத் தரையை மூடும் மூடுபயிர்க் கொடியின் வேரிலேயே பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு குலுங்குகிறது, மண்ணில் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது, எதையும் வாங்க வேண்டாம் என்கிறார் ஒருவர். ஒவ்வொரு விதைப்புக்கும் பாக்டீரியா பாக்கெட் வாங்கிக் கலந்தே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். பிரேசிலில் நைட்ரஜன் உரமே ஏறக்குறைய இல்லாமல் சோயா விளைகிறது, அங்குள்ள பாக்டீரியாவை இங்கே கொண்டுவந்தால் போதும் என்று செய்தி படித்த மூன்றாமவர் சொல்கிறார்.

மூன்றிலும் பாதி உண்மை உண்டு. வேர்முடிச்சு பாக்டீரியா என்ற ஒரே பெயருக்குள் மரபணு அளவில் மிகவும் விலகி நிற்கும் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன என்பதும், குளிர்நாட்டு மண்ணில் கோலோச்சும் இனம் வெப்பநாட்டு மண்ணில் கோலோச்சுவதில்லை என்பதும் தெரிந்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

## முடிச்சுக்குள் நடப்பது

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அந்த நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் செடிகளால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிணைப்பை உடைத்து அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் என்ற நொதி பாக்டீரியா முதலான சில நுண்ணுயிர்களிடம் மட்டுமே உண்டு. அத்தகைய பாக்டீரியாக்களுள் ஒரு பகுதி அவரைக் குடும்பச் செடிகளின் வேருக்குள் குடியேறுகிறது; அந்த இடம் முடிச்சாகிறது. செடி சர்க்கரையைத் தருகிறது, பாக்டீரியா நைட்ரஜனைத் தருகிறது. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இந்த உறவை மெய்ப்பித்தார்கள். 1888இல் நெதர்லாந்தில் பெய்ஜரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். 1896இலேயே இதை வளர்த்து விற்கும் வணிகத்துக்குக் காப்புரிமை பெறப்பட்டுவிட்டது. ஆகவே, இன்று புதுமையாகச் சொல்லப்படும் உயிர் உரத்துக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

முடிச்சின் நிறம் இங்கே முக்கியமான தடயம். நைட்ரஜனேஸ் ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்சிஜன் வேண்டும். இந்த முரணைத் தீர்க்க, முடிச்சுக்குள் செடி லெக்ஹீமோகுளோபின் என்ற செந்நிறப் புரதத்தைச் சுரந்து, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. நன்றாக வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ இருக்கும். வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால், பாக்டீரியா உள்ளே இருக்கலாம், ஆனால் நைட்ரஜன் வரவு இல்லை. வயது முதிர்ந்த முடிச்சும் பச்சையாகும் என்பதால் பூக்கும் பருவத்தில் பார்ப்பதே சரி.

## எந்த வேரிலும் எந்தப் பாக்டீரியாவும் நுழைவதில்லை

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தரையை மூடியிருக்கும் பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளும், இந்தியாவிலிருந்து பின்னர் வந்து சேர்ந்த முக்குனா பிராக்டியேட்டாவும் அவரைக் குடும்பத்தவை. வீட்டுப் பின்புறத்துப் பயித்தங்காயும் அப்படித்தான். ஒரு கொடியை வேரோடு மெல்லத் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் மண்ணை அலசினால், மிளகளவும் அதைவிடப் பெரிதுமாக உருண்டை முடிச்சுகள் தெரியும். இந்தக் கொடிகள் மண்ணில் இயற்கையாக வாழும் பிராடிரைசோபியம் பேரினத்து பாக்டீரியாக்களில் பலவற்றை ஏற்றுக்கொள்ளும் தாராளத் தன்மை கொண்டவை. சோயா அப்படிப்பட்டதன்று. காரணம், நுழைவுக்கு முன் நடக்கும் சமிக்ஞைப் பரிமாற்றம்:

1. சோயா வேர் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் முதலான சேர்மங்களை மண்ணில் கசியவிடுகிறது.

2. அதை உணரும் பாக்டீரியா, நாட் காரணி எனப்படும் ஒரு மூலக்கூறைத் தயாரித்து அனுப்புகிறது. அதன் வடிவம் இனத்துக்கு இனம் நுணுக்கமாக மாறும்.

3. வேர்த்தூவியின் ஏற்பிகள் அந்த வடிவத்தை அடையாளம் கண்டால் தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடும். கண்டுகொள்ளாவிட்டால் அத்தோடு முடிந்தது.

4. உள்ளே வந்த பிறகும் சோதனை உண்டு. சோயாவின் சில இரகங்களில் ஆர்ஜே என்று பெயரிடப்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட பாக்டீரியா வகைகளை அவை தடுத்துவிடும். ஆர்ஜே-4 உள்ள இரகம், எல்கானி என்ற பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த யுஎஸ்டிஏ 61 என்ற வகையை முடிச்சுப் போட விடாது.

கொடியில் முடிச்சு இருப்பது சோயாவிலும் முடிச்சு வரும் என்பதற்குச் சான்றாகாமல் போவது இதனால்தான். முதலாமவர் சொன்னதில் மண்ணில் பாக்டீரியா இருக்கிறது என்பது சரி. அது சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியாவா என்பது தனிக் கேள்வி.

## ஒரு பெயர் பலவாகப் பிரிந்த கதை

சோயா சீனாவில் பயிராக்கப்பட்ட செடி. அதன் பழைய துணைவர்களும் கிழக்கு ஆசிய மண்ணைச் சேர்ந்தவையே. நீண்ட காலம் அவை அனைத்தும் ரைசோபியம் ஜப்போனிக்கம் என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டன. 1982இல், ஆய்வுக்கூடத் தட்டில் மெதுவாக வளர்பவை பிராடிரைசோபியம் என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன. 1984இல், சோயாவிலேயே முடிச்சுப் போடும் ஆனால் விரைவாக வளரும் வகைக்கு ஃபிரெடி என்ற பெயர் கிடைத்தது. இன்று அது என்சிஃபர் ஃபிரெடி. 1992இல் பிராடிரைசோபியத்துக்குள் எல்கானி தனி இனமானது. அதே பேரினத்தில் 1995இல் லியாவோனிங்கென்ஸ், 2002இல் யுவான்மிங்கென்ஸ், 2013இல் டயசோஎஃபிஷியன்ஸ் என்று பட்டியல் நீண்டது.

கடைசியாகச் சொன்னது வெறும் பெயர் மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் சோயா பாக்டீரியாவுக்கு முன்மாதிரியாக இருந்த யுஎஸ்டிஏ 110 என்ற வகையே அப்போதுதான் ஜப்போனிக்கத்திலிருந்து பிரிந்து டயசோஎஃபிஷியன்ஸ் ஆனது. பழைய கட்டுரைகளிலும் சில பாக்கெட்டுகளின் மேலும் இன்றைக்கும் ஜப்போனிக்கம் என்றே அச்சாகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பாக்கெட்டில் இனப்பெயரை மட்டும் பார்ப்பது போதாது. வகையின் எண் என்ன என்று பார்க்க வேண்டும். எண்ணே அச்சிடாத பாக்கெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வேறுபாட்டை எப்படி அளக்கிறார்கள்

முடிச்சை வேரிலிருந்து சிறு காம்போடு வெட்டி, அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பிற நுண்ணுயிர்களை ஆல்கஹாலும் சலவை வெளுப்பியும் கொண்டு கொன்று, நன்றாகக் கழுவி, நசுக்கி, வரும் சாற்றை ஈஸ்ட்டும் மன்னிட்டாலும் கலந்த அகார் தட்டில் இழுக்கிறார்கள். 28 பாகை செல்சியஸில் வைத்தால், விரைவு வகை 3 முதல் 5 நாளில் கண்ணுக்குத் தெரியும் திட்டுகளாகும். மெதுவகைக்கு 7 முதல் 10 நாள் ஆகும். தட்டில் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் கலந்திருந்தால், விரைவு வகை அமிலம் சுரந்து பச்சைத் தட்டை மஞ்சளாக்கும். மெதுவகை காரம் சுரந்து நீலமாக்கும். மரபணுவைத் தொடாமலே கிடைக்கும் முதல் பிரிவினை இது.

அதற்கு மேல் மரபணுவைப் படிக்க வேண்டும். பாக்டீரியாக்களை இனம் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு, பிராடிரைசோபியத்தில் இனத்துக்கு இனம் மிகக் குறைவாகவே மாறுகிறது. ஆகவே அதற்கு அடுத்துள்ள இடைவெளிப் பகுதியையும், உயிர்வாழ்வுக்கு அடிப்படையான ரெக்-ஏ, அட்ப்-டி, ஜைர்-பி முதலிய பல மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். இப்போது முழு மரபுத்தொகுதியையே படித்துவிட முடிகிறது. யுஎஸ்டிஏ 110இன் மரபுத்தொகுதி 2002இல் ஜப்பானின் கசுசா ஆய்வுக்கூடத்தில் படித்து முடிக்கப்பட்டது. அது 90 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரே வட்டக் குரோமோசோம்.

இந்த மரபுத்தொகுதியில் இரண்டு பாகங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதாக விளங்கும். ஒன்று, பாக்டீரியாவின் அன்றாட வாழ்வை நடத்தும் அடிப்படை மரபணுக்கள். மற்றொன்று, முடிச்சுப் போடவும் நைட்ரஜனைப் பிடிக்கவும் தேவையான மரபணுக்கள் கூட்டமாகக் குடியிருக்கும் கூட்டுவாழ்வுத் தீவு. பிந்தியது இடம்பெயரக்கூடியது. பால்வெட்டுக் கத்தி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறினால், வாங்கியவர் பெயரும் ஊரும் மாறாமலே பால்வெட்டுக்காரராகிவிடுவதைப்போல, அதுவரை முடிச்சுப் போடாத ஒரு மண் பாக்டீரியா இந்தத் தீவைப் பெற்றதும் முடிச்சுப் போடத் தொடங்கிவிடும். நியூசிலாந்தில் லோட்டஸ் என்ற தீவனச் செடிக்கு ஒரே ஒரு வகைப் பாக்டீரியாவைக் கலந்து விதைத்த நிலத்தில், ஏழு ஆண்டுகளுக்குப் பின் முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தபோது, அடிப்படை மரபணுக்களில் வேறுபட்ட பல வகைகள் அதே தீவைச் சுமந்துகொண்டிருந்தன. 1995இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு துறையையே புரட்டிப்போட்டது. பிரேசிலின் சோயா வயல்களிலும் இத்தகைய இடமாற்றத்துக்குச் சான்றுகள் கிடைத்திருக்கின்றன.

ஆகவே மண்ணில் நாம் இடும் பாக்டீரியா அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது. உள்ளூர் மண்ணுக்குப் பழகிய உடலும் வெளியிலிருந்து வந்த திறமையும் ஒன்றுசேர்ந்த புதிய வகைகள் அங்கே உருவாகின்றன. அவற்றுள் சில நன்றாக உழைக்கும். சில முடிச்சை மட்டும் போட்டுவிட்டு நைட்ரஜனைக் குறைவாகத் தரும்.

## வெப்பம் எதைத் தேர்ந்தெடுக்கிறது

இதற்குத் தெளிவான விடை ஜப்பானிலிருந்து கிடைத்தது. வடக்கே குளிர்ந்த ஹொக்கைடோ முதல் தெற்கே வெதுவெதுப்பான ஒக்கினாவா வரை மண் எடுத்து, அதில் சோயா வளர்த்து, முடிச்சுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வடக்கில் ஜப்போனிக்கம் மிகுதியாகவும், நடுப்பகுதியில் யுஎஸ்டிஏ 110 போன்றவை மிகுதியாகவும், தெற்கில் எல்கானி மிகுதியாகவும் இருந்தன. அமெரிக்காவில் வடக்கிலிருந்து தெற்காகச் செய்த ஆய்விலும் எல்கானியின் பங்கு தெற்கே போகப்போகக் கூடியது. இரு கண்டங்களில் ஒரே போக்கு தென்படும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் வெப்பம் மட்டுமே நீதிபதி அன்று. மண்ணின் அமிலத்தன்மை அதற்கு இணையாகத் தீர்ப்புச் சொல்கிறது. என்சிஃபர் ஃபிரெடி நடுநிலை மண்ணையும் கார மண்ணையும் நாடும். ஒக்கினாவாவின் சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் அது கிடைப்பதும், அமில மண்ணில் அரிதாவதும் அதனால்தான். மெதுவாக வளரும் பிராடிரைசோபியங்கள் அமிலத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நம் நாட்டுத் தோட்ட மண் பெரும்பாலும் மழையால் நெடுங்காலம் அரிக்கப்பட்டு, கார அமிலக் குறியீடு 4க்கும் 5க்கும் இடையே நிற்கும் செம்மண். அந்த அளவில் அலுமினியம் கரைந்து வேர்த்தூவிகளைச் சிதைக்கிறது. நைட்ரஜனேஸுக்குத் தேவையான மாலிப்டினமோ மண்ணில் சிக்கிக்கொண்டு கிடைக்காமல் போகிறது. வெளிநாட்டுப் பாக்கெட்டில் ஃபிரெடி இருந்தால் இங்கே அது தாக்குப்பிடிப்பது கடினம் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

ஆசியாவின் பிற வெப்பப் பகுதிகளைப் பார்த்தால் படம் இன்னும் விரிகிறது. இந்திய வயல்களில் யுவான்மிங்கென்ஸும் லியாவோனிங்கென்ஸும் குறிப்பிடத்தக்க அளவில் கிடைக்கின்றன. மியன்மாரில் எல்கானி, யுவான்மிங்கென்ஸ், லியாவோனிங்கென்ஸ், ஜப்போனிக்கம் எல்லாமே கிடைத்திருக்கின்றன. எங்கும் எல்கானியே அரசாள்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடாது. வெப்பமண்டலத்தின் சிறப்பு ஓர் இனத்தின் ஆட்சியில் இல்லை. ஒரு பிடி மண்ணில் பல இனங்கள் கலந்து நிற்பதில்தான் இருக்கிறது.

## இந்த வேறுபாட்டால் வரும் விளைவுகள்

1. இலை மஞ்சளாவது. எல்கானியின் சில வகைகள் ரைசோபிடாக்சின் என்ற சேர்மத்தைச் சுரக்கின்றன. சில சோயா இரகங்களில் அது புதிய இலைகளை வெளிறச் செய்யும். பார்ப்பவர் நைட்ரஜன் குறைவு என்று எண்ணி யூரியா இடுவார்; மண்ணில் நைட்ரேட் கூடக்கூட முடிச்சு உருவாவது குறையும். அதே ரைசோபிடாக்சின் செடியில் எத்திலீன் உருவாவதைத் தடுத்து முடிச்சுப் போட உதவவும் செய்கிறது என்பதால், அதை முழுத் தீமை என்று சொல்லிவிடவும் முடியாது.

2. பசுமைஇல்ல வாயு. அறுவடைக்குப் பின் முடிச்சுகள் அழுகும்போது நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட இது ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இதைத் தீங்கற்ற நைட்ரஜனாக மாற்றும் நாஸ்-இசட் மரபணு டயசோஎஃபிஷியன்ஸில் உண்டு. ஆராயப்பட்ட எல்கானி வகைகளில் பொதுவாக அது இல்லை. புவி சூடாகி எல்கானி வடக்கே பரவினால் என்ன ஆகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கவலையோடு ஆராய்வதன் காரணம் இது.

3. போட்டி. மூன்றிலும் இதுவே விவசாயியை நேரடியாகத் தொடுவது. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மாவி தீவில் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், பயிருக்கு ஏற்ற பாக்டீரியா ஒரு கிராம் மண்ணில் வெறும் 50 இருந்தாலே, வெளியிலிருந்து கலப்பதால் கிடைக்கும் விளைச்சல் கூடுதல் மறைந்துவிடுவதைக் கண்டார்கள். முன்பே குடியிருப்பவை முடிச்சுகளைப் பிடித்துக்கொள்கின்றன. அவை நன்றாக உழைப்பவையாக இருந்தால் பாக்கெட் தேவையில்லை. சோம்பேறிகளாக இருந்தால், பாக்கெட் வாங்கியும் பயன் தெரியாது.

இந்தச் சிக்கலை இரண்டு கண்டங்கள் இரண்டு விதமாக எதிர்கொண்டன. பிரேசில் மண்ணில் தொடக்கத்தில் சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா இல்லை. அவர்கள் இறக்குமதி செய்த வகைகளை அப்படியே நம்பி இருந்துவிடாமல், உள்நாட்டு வயல்களிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்துத் தேர்ந்தார்கள். அங்கே பரிந்துரைக்கப்படும் நான்கு வகைகளில், செமியா என்ற முன்னொட்டோடு எண்ணிடப்பட்ட 587உம் 5019உம் எல்கானி. 5079 ஜப்போனிக்கம், செர்ராடோ சமவெளி மண்ணில் பழகிய பின் தேர்ந்தெடுக்கப்பட்டது. 5080 டயசோஎஃபிஷியன்ஸ். இந்தப் பணியைப் பல பத்தாண்டுகள் முன்னெடுத்த மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நான்கையும் இங்கே கொண்டுவந்து கொட்டினால் போதும் என்பவர்கள், பிரேசிலின் வெற்றி தேர்ந்தெடுத்த முறையில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிலையம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்க விவசாயிக்குப் பாக்கெட் எட்டாது என்பதால், 1970களின் இறுதி முதல், தட்டைப்பயறுக்கு முடிச்சுப் போடும் உள்ளூர் பாக்டீரியாக்களையே ஏற்கும் தாராளமான சோயா இரகங்களை உருவாக்கினார்கள். டிஜிஎக்ஸ் என்ற முன்னொட்டோடு அவை அறியப்படுகின்றன. மூடுபயிர்க் கொடிகள் தலைமுறைகளாக வளர்ந்துவரும் நம் தோட்ட மண்ணுக்கு இந்த வழி கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் தாராள இரகம் யாரையும் உள்ளே விடும். வருபவர் எல்லாரும் உழைப்பாளியாக இருப்பார் என்று சொல்ல முடியாது. அத்தகைய இரகங்களிலும் நல்ல வகையைக் கலந்தபோது விளைச்சல் கூடிய இடங்கள் உண்டு.

## நம் நிலத்தில் சோதிப்பது எப்படி

பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள சரக்கு. ஒரு கிராமில் நூறு கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது பிரேசிலின் சட்டம். தகரக் கூரைச் சாமான் அறையில் உரமூட்டைகளோடு கிடந்தாலும், மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்தாலும் அந்த எண்ணிக்கை சரிந்துவிடும். விதையோடு நிழலில் கலந்து, அன்றைக்கே விதைத்து, உடனே மண் மூட வேண்டும். பூஞ்சணக்கொல்லி பூசிய விதையோடும் இரசாயன உரத்தோடும் சேர்த்துக் கலக்கக்கூடாது.

அதன் பிறகு, பெரிய பரப்பில் இறங்குவதற்கு முன், ஒரே இரகத்தை மூன்று பாத்திகளில் விதைத்துப் பார்க்க வேண்டும். முதல் பாத்தியில் எதுவும் கலக்கக்கூடாது. இரண்டாவதில் பாக்கெட்டைக் கலக்க வேண்டும். மூன்றாவதில் பாக்டீரியா இல்லாமல் யூரியா மட்டும் இட வேண்டும். மழைநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடாதபடி இடையில் வரப்பு வேண்டும். முதல் பாத்தி மேட்டில் இருக்க வேண்டும். மூன்றுக்கும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் ஒரே அளவு. பூக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடிகளைத் தோண்டி, அலசி, முடிச்சுகளை எண்ணி, வெட்டி நிறம் பார்க்க வேண்டும்.

- முதல் பாத்தியில் முடிச்சு இல்லை, இரண்டாவதில் சிவந்த முடிச்சு உண்டு என்றால், மண்ணில் சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா இல்லை; பாக்கெட் வேலை செய்கிறது.

- இரண்டிலும் சிவந்த முடிச்சு, இலையும் மூன்றாவதுக்கு இணையான பச்சை என்றால், உள்ளூர் பாக்டீரியாவே போதும்.

- இரண்டிலும் முடிச்சு நிறைய, ஆனால் உள்ளே வெளிறியிருக்கிறது, யூரியா இட்ட பாத்தி மட்டும் கரும்பச்சை என்றால், திறமையற்ற உள்ளூர் வகை இடத்தைப் பிடித்திருக்கிறது. அப்போது இரகத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது வேறு எண்ணுள்ள பாக்டீரியாவை.

- மூன்று பாத்தியும் ஒரே மாதிரி குன்றி, யூரியா இட்டதிலும் இலை தெளியவில்லை என்றால், பாக்டீரியாவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அமிலமோ அலுமினியமோ பாஸ்பரஸ் பற்றாக்குறையோ முதலில் தீர்க்கப்பட வேண்டிய நிலம் அது.